பந்தலூர்த் தங்கமும் டிமேட் தங்கமும்



பங்குச் சந்தைப் பேச்சு பந்தலூருக்குப் புதிதல்ல. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் பங்குத் தரகர்களின் வாயில் பந்தலூர் வட்டாரத்துத் தேவாலா, கிளன்ராக் என்ற பெயர்கள் புழங்கின. இந்த மண்ணைக் கண்ணால் பார்த்திராத ஆங்கிலேயர்கள், இங்குள்ள பாறைக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தங்கள் சேமிப்பை எடுத்துக் கொட்டினார்கள்.

அந்தக் கதை இப்படி நடந்தது. பணியரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக இந்த ஓடைகளின் மணலை மரவையில் அலசித் தங்கத் துகள் எடுத்து வந்தார்கள். அதை அறிந்த அரசாங்கம், 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. அடுத்த ஆண்டு அவர் கொடுத்த அறிக்கை லண்டனில் தீயாகப் பரவியது. தேவாலா-மோயார், இந்தியன் கிளன்ராக் என்று பெயர் சூட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஓரிரு ஆண்டுக்குள் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் பல மில்லியன் பவுண்டு. காப்பித் தோட்டங்கள் சுரங்க நிலம் என்ற பெயரில் பல மடங்கு விலைக்குக் கைமாறின. கல்லை இடிக்கும் இயந்திரங்கள் கப்பலேறி வந்தன. அந்தக் கல்லை இடித்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் இடித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தின. பங்கு வாங்கியவர்களிடம் மிஞ்சியது அச்சடித்த சான்றிதழ்.

அதே 1880-ஆம் ஆண்டில், தென்னிந்தியாவின் இன்னொரு மூலையில், கோலாரிலும் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் ஒரு தங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. அங்கும் தொடக்கத்தில் கையைக் கடித்தது, பங்கு விலை விழுந்தது. பிறகு பாறைக்குள் நல்ல தங்க ரேகை அகப்பட்டது. அந்தக் கோலார் வயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும் வரை நூற்று இருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண ஆளுக்கு 1880-இல் தேவாலாவும் கோலாரும் ஒன்றுதான். எது காய்க்கும், எது காயாது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டிருந்தால், தேவாலாவில் விட்டதைக் கோலார் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

இந்த யோசனையும் அப்போதே லண்டனில் இருந்தது. 1868-இல் ஃபாரின் அண்ட் கலோனியல் என்ற டிரஸ்ட், பல நாட்டு அரசுகளின் கடன் பத்திரங்களை ஒரே கூடையில் சேர்த்து, அந்தக் கூடையில் ஒரு பங்கைச் சிறு சேமிப்பாளருக்கு விற்றது. தேவாலாத் தங்கப் பித்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் நடந்தது இது. இன்று பேசவிருக்கும் இ.டி.எஃப், அதாவது எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட், அந்தக் கூடையின் கொள்ளுப்பேரன். கூடையில் பங்கு என்ற பழைய யோசனையோடு, கடையில் சாமான் வாங்குவதுபோல எந்த நேரத்திலும் சந்தையில் வாங்கலாம், விற்கலாம் என்ற வசதியையும் சேர்த்தது.

அந்த வசதியை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நேட் மோஸ்ட் என்பவர். அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு வருவதற்கு முன் சரக்கு வணிகத்தில் இருந்தவர். அங்கே சரக்கு கிடங்கிலேயே இருக்கும். அதற்கான கிடங்கு ரசீதுதான் கைமாறும். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு யாரும் தெருத்தெருவாக அலைவதில்லை. பங்குகளையும் இப்படி ஒரு கிடங்கில் வைத்துவிட்டு ரசீதை மட்டும் சந்தையில் விற்றால் என்ன என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1993 ஜனவரியில் ஸ்பைடர் என்ற செல்லப்பெயரோடு அமெரிக்காவின் முதல் இ.டி.எஃப் பிறந்தது. கனடாவின் டொரன்டோ சந்தையில் 1990-லேயே இதை ஒத்த ஒன்று வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தியாவுக்கு இது வந்தது 2001 டிசம்பரில், அதாவது கோலார் சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டின் இறுதியில். பெஞ்ச்மார்க் என்ற சிறிய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் நிஃப்டி பீஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பீஸ் என்றதும் தேனீ நினைவுக்கு வரும். அது பெஞ்ச்மார்க் எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஸ்கீம் என்பதன் சுருக்கம். 2002 ஜனவரியில் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஒரு யூனிட்டின் விலை சுமார் 106 ரூபாய். அன்றைய நிஃப்டி குறியீட்டில் பத்தில் ஒரு பங்கு அது. அந்த நிறுவனம் 2011-இல் கோல்ட்மேன் சாக்ஸிடம் போனது, பிறகு ரிலையன்ஸிடம், இப்போது நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. மூன்று முறை கை மாறியும் யூனிட் வைத்திருந்தவரின் பங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்தப் பங்குகள் நிறுவனத்தின் சொத்து அல்ல. அவை டிரஸ்டின் சொத்து, காப்பாளர் வங்கியிடம் தனியாக இருக்கின்றன. 1880-க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் ஆகப் பெரியது இதுதான்.

பந்தலூரில் பலர் நினைக்கலாம், பங்குச் சந்தைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று. நெல்லியாளத்திலோ சேரம்பாடியிலோ கொளப்பள்ளியிலோ காலையில் பிரட்டுக்கு, அதாவது வருகைப் பதிவுக்குப் போய்க் கொழுந்து பறிக்கிற பெண், ஏற்கெனவே இந்தக் கூடைக்குள்தான் இருக்கிறார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேரூன்றிய குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் சம்பளத்தில் பிடிக்கிற பி.எஃப் பணம்தான் அந்தத் தொடர்பு.

தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்-க்குப் போகிறது. நிர்வாகமும் அதே அளவு போடுகிறது, அந்த 12-இல் 8.33 பென்ஷன் கணக்குக்குப் பிரிந்துவிடுகிறது. மிச்சம் சேர்வது பி.எஃப் நிதி. 2015 ஆகஸ்ட் வரை அதில் ஒரு பைசாகூடப் பங்குச் சந்தையைத் தொட்டதில்லை. அந்த மாதம் முதல், புதிதாக வரும் முதலீட்டுத் தொகையில் 5 சதவீதத்தை இ.டி.எஃப் வழியாகப் பங்குகளில் போட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு அது 10 ஆனது, 2017-இல் 15 ஆனது. எந்தக் கம்பெனிப் பங்கு என்று அதிகாரி யாரும் தேர்வு செய்வதில்லை. முக்கியமாக நிஃப்டி, சென்செக்ஸ் கூடைகளை அப்படியே வாங்குகிறார்கள். நாட்டின் மிகப் பெரிய இ.டி.எஃப்-ஆக எஸ்.பி.ஐ நிஃப்டி இ.டி.எஃப் வளர்ந்து நிற்பதற்கு முதல் காரணம் இந்தத் தொழிலாளர் பணம்.

தொழிலாளியின் கணக்கில் யூனிட் என்று எதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும் வட்டிதான் வரும். 2023-24-க்கும் 2024-25-க்கும் அது 8.25 சதவீதம். ஆனால் சந்தையின் மூச்சு ஒருமுறை அந்த வட்டியிலேயே கேட்டது. 2019-20-க்கு 8.5 சதவீதம் என்று அறிவித்தார்கள். அதில் ஒரு பகுதி இ.டி.எஃப் யூனிட்டை விற்ற லாபத்திலிருந்து வரவேண்டும். அதற்குள் கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் சரிந்தது. அந்த விலைக்கு விற்க முடியாமல், செப்டம்பரில் வட்டியை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள்: 8.15 சதவீதம் கடன் பத்திர வருமானத்திலிருந்து, மீதி 0.35 யூனிட்டை விற்ற பிறகு. சந்தை நிமிர்ந்து, ஆண்டு முடியும் வேளையில் முழு வட்டியும் சேர்ந்தே வரவானது. கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவருக்கும் மும்பை தலால் தெருவுக்கும் நடுவே ஓடும் கயிறு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு உறுதியானது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இனி கூடையைத் திறந்து பார்க்கலாம். நிஃப்டி என்பது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியல். சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் இடம். ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலைச் சரிபார்ப்பார்கள். தேறாதது வெளியே போகும், வளர்ந்தது உள்ளே வரும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் கணக்கில் மோசடி செய்ததாகக் கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. சத்யத்தை மட்டும் நம்பியிருந்தவர் நடுத்தெருவுக்கு வந்தார். நிஃப்டி வைத்திருந்தவருக்கு அது ஐம்பதில் ஒன்று. ஜனவரி 12-ஆம் தேதி சத்யம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு வேறொரு கம்பெனி அந்த இடத்துக்கு வந்தது. யூனிட் வைத்திருந்தவர் விரலைக்கூட அசைக்கவில்லை.

இவ்வளவையும், நிஃப்டியை அப்படியே பின்பற்றும் சாதாரண இன்டெக்ஸ் ஃபண்டும் செய்யும். இ.டி.எஃப்-இன் தனித்தன்மை அதன் விலை நிற்கிற விதத்தில் இருக்கிறது. விற்பனைக்காரர்கள் சொல்லாமல் விடுவதும் அதைத்தான்.

குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் ஒரு விலைக்குப் போகிறது, கடைத்தெருவில் ஒரு விலைக்கு விற்கிறது. இடைவெளி மிகவும் கூடினால், அங்கே வாங்கி இங்கே விற்க ஒரு வியாபாரி வந்துவிடுவார். அவர் வந்ததும் இடைவெளி சுருங்கும். இ.டி.எஃப்-இலும் அப்படி ஒருவர் இருக்கிறார், மார்க்கெட் மேக்கர் என்று பெயர். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள பங்குகளின் மதிப்பு 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் கூட்டம் கூடி யூனிட் 282-க்கு ஏறிவிட்டது. உடனே அவர் ஐம்பது பங்குகளையும் சரியான விகிதத்தில் மொத்தமாக வாங்கி ஃபண்டிடம் ஒப்படைத்து, புது யூனிட்டுகளை 280 கணக்கில் பெற்று, சந்தையில் 282-க்கு விற்பார். சரக்கு கூடியதும் விலை இறங்கும். யூனிட் 278-க்கு விழுந்தால் தலைகீழ்: யூனிட்டைச் சந்தையில் வாங்கி ஃபண்டிடம் திருப்பிக் கொடுத்து, பங்குகளைப் பெற்று விற்பார். அவர் தன் லாபத்துக்குத்தான் செய்கிறார். ஆனால் அவர் போய்வரும் அந்தக் கதவு திறந்திருக்கும் வரை விலை மதிப்பை விட்டு வெகுதூரம் போகாது. சாதாரண ஆளுக்கு அந்தக் கதவு கிடையாது. 25 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் ஃபண்டிடம் நேரே போகலாம். மற்றவர்களுக்குச் சந்தைதான்.

கதவு அடைபட்டால் என்ன ஆகும்? இந்தியாவிலேயே பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குகளை வாங்கும் இ.டி.எஃப்-கள் இங்கே உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போடும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்த மொத்த வரம்பு நிரம்பியதும், புது யூனிட் உருவாக்க முடியாமல் போனது. வாங்க ஆள் இருக்கிறார்கள், சரக்கு வரவில்லை. விலை மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் எகிறிப் பல நாள் நின்றது. 100 ரூபாய்ப் பொருளை 110-க்கு வாங்கியவர், நாஸ்டாக் ஏறியும்கூட, அந்த இடைவெளி வடிந்தபோது நஷ்டப்பட்டார். 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முன், வெள்ளிக்கு இதே கதி. வெள்ளிக் கட்டி கிடைக்காமல் வெள்ளி இ.டி.எஃப்-கள் மதிப்புக்கு மேல் ஓடின. சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வெள்ளித் திட்டங்களில் ஒரே மொத்தத் தொகையாகப் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தி வைத்தன. அந்த நிறுத்தம் நேர்மையான செயல்.

ஆகவே வாங்குகிறவர் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தன் தளத்தில், சந்தை நடக்கும் நேரம் முழுக்க, ஐ-நேவ் என்ற பெயரில் யூனிட்டின் அந்தக் கணத்து மதிப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். கைபேசியில் தரகரின் செயலியைத் திறந்தால் வாங்கும் விலை ஐந்து வரி, விற்கும் விலை ஐந்து வரி தெரியும். இரண்டின் முதல் வரிகளுக்கும் நடுவே பைசாக்கணக்கில் இடைவெளி இருந்தால் நல்ல சரக்கு. ரூபாய்க்கணக்கில் இடைவெளி இருந்தால், அங்கே வியாபாரமே நடக்கவில்லை என்று அர்த்தம், ஒதுங்கிவிடலாம். ஐ-நேவைப் பார்த்து, அதை ஒட்டி இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போடவேண்டும். கிடைத்த விலைக்கு வாங்கு என்ற மார்க்கெட் ஆர்டரை, அதிலும் காலை 9.15-க்குச் சந்தை திறக்கும் பரபரப்பில், தொடவே கூடாது.

தங்கத்துக்கு வருவோம். பந்தலூர்ப் பேச்சு தங்கத்தைத் தொடாமல் முடியாது. பெஞ்ச்மார்க் நிறுவனம் தங்க இ.டி.எஃப்-க்கு 2002-லேயே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் திட்டம் கொடுத்தது. அனுமதி வருவதற்குள் 2003 மார்ச்சில் ஆஸ்திரேலியா உலகின் முதல் தங்க இ.டி.எஃப்-ஐப் பட்டியலிட்டுவிட்டது. கோல்ட் பீஸ் 2007 மார்ச்சில்தான் வந்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99.5 சதவீதச் சுத்தத்தில் தங்கக் கட்டி காப்பாளரின் பெட்டகத்தில் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கையாளர் நேரில் சரிபார்க்கவேண்டும். பிரௌ ஸ்மித்தின் அறிக்கையை நம்பியவர்களுக்குத் தங்கம் பாறைக்குள் இருக்கலாம் என்ற வாக்குத்தான் கிடைத்தது. இங்கே எடுத்து, உருக்கி, எண்ணி வைத்த தங்கத்துக்கு ரசீது கிடைக்கிறது.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம், அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. தங்க இ.டி.எஃப்-இல் செய்கூலி இல்லை. ஆனால் சேதாரம் மெல்ல நடக்கிறது. நிர்வாகச் செலவு, பொதுவாக நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு அரை ரூபாயிலிருந்து முக்கால் ரூபாய் வரை. அந்தச் செலவுக்குத் தங்கத்தையே சிறிது சிறிதாக விற்பார்கள். அதனால் யூனிட்டுக்குப் பின்னால் உள்ள தங்கம் ஆண்டுக்கு ஆண்டு இம்மியளவு தேயும். பெரிய நிஃப்டி இ.டி.எஃப்-களில் இந்தச் செலவு நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாவுக்கும் கீழே. இருபது ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பத்து ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் என்று கைபேசிச் செயலிகள் விற்பது தங்க இ.டி.எஃப் அல்ல. அது தன் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்தது. பெட்டகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அங்கே செபியின் கண் கிடையாது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாடு மறந்துபோகிற விஷயமல்ல. தேவாலாக் காட்டில் வெள்ளைக்காரர் விட்டுப்போன குழிகளில் இன்றைக்கும் திருட்டுத்தனமாக இறங்கி, மண் சரிந்து உயிர்விட்டவர்கள் உண்டு. யார் பார்க்கிறார்கள், யார் பொறுப்பு என்று கேட்காத இடத்தில் பணத்தையும் போடக்கூடாது, காலையும் வைக்கக்கூடாது.

எல்லாருக்கும் இ.டி.எஃப் வேண்டுமா? வேண்டாம். கந்துவட்டிக் கடன் இருக்கிறவர் முதலில் அதை அடைக்கட்டும், அதைவிட நல்ல முதலீடு உலகத்தில் கிடையாது. அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த பணம் நிஃப்டிக்குள் போகவே கூடாது. 2020-இல் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் நூறு ரூபாய் அறுபது ஆனது. மாதம் ஐந்நூறு ரூபாய் எடுத்து வைக்கிறவருக்கு இன்டெக்ஸ் ஃபண்டே எளிது, பங்குகளை மின்வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு வேண்டாம். டிமேட் வைத்திருப்பவருக்கும், நான்கு லட்ச ரூபாய் மதிப்பு வரை ஆண்டுக் கட்டணம் இல்லாத அடிப்படைக் கணக்கு என்ற வசதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாதுகாப்புத் துறை, மின்சார வாகனம் என்று புதிது புதிதாக வரும் ஒற்றைத் துறை இ.டி.எஃப்-கள் பெயரில் கூடை, தன்மையில் தேவாலாச் சுரங்கம். அவற்றைத் தள்ளி வைப்பதே நல்லது. பத்து, பதினைந்து ஆண்டு தொடாமல் விட முடிகிற பணம் கையில் இருப்பவருக்கு நிஃப்டி ஒன்று, தங்கம் ஒன்று, இரண்டு கூடை போதும்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். டிமேட் கணக்கு திறப்பதற்கு முன், தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா, அப்பாவின் பி.எஃப் கணக்கு எண்ணைக் கேளுங்கள். ஆதாரோடும் கைபேசி எண்ணோடும் அது இணைந்திருக்கிறதா, மாதாமாதம் பிடிக்கிற தொகை வரவாகிறதா, நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். உங்கள் வீட்டின் முதல் இ.டி.எஃப் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.